கணவாய் கற்றுக் கொடுத்த சிப்

கம்ப்யூட்டரின் மூளை எது என்று கேட்டால், ப்ராசசர் என்று எல்லோரும் உடனே சொல்லிவிடுவோம். பள்ளிக்கூடத்தில் தொடங்கி கம்ப்யூட்டர் கடை வரை இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் உண்மையான மூளையும் நம் மேஜை மேல் இருக்கும் ப்ராசசரும் வேலை செய்யும் விதத்தில் ஒற்றுமை மிகவும் குறைவு. ஒன்று உப்புத் தண்ணீரில் மிதக்கும் அயனிகளால் இயங்குகிறது. மற்றொன்று ஒரு நொடிக்குப் பல கோடி முறை அடிக்கும் கிளாக்கின் தாளத்திற்கு ஆடுகிறது.

உயிரினங்களின் நரம்பு மண்டலம் எப்படி வேலை செய்கிறதோ, அதே முறையில் ஹார்டுவேரை வடிவமைத்தால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்த துறைக்கு நியூரோமார்ஃபிக் இன்ஜினியரிங் என்று பெயர். நரம்பின் வடிவம் கொண்டது என்பது இதன் பொருள். இந்தத் துறை எப்படித் தொடங்கியது, இப்போது எங்கே நிற்கிறது, நம்மைப் போன்றவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

இந்தக் கதையின் முக்கியமான கதாபாத்திரம், எங்கள் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் தினமும் கூடை கூடையாக வந்து இறங்கும் கணவாய். அதனால்தான் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இந்த ஹார்டுவேர் விஷயத்தில் தனி ஆர்வம் வந்தது.

மிக்ஸி அளவுக்கு கரண்ட்!

முதலில் இப்படி ஒரு மாற்று ஏன் தேவைப்படுகிறது என்று பார்ப்போம்.

செயற்கை நுண்ணறிவு புரோகிராம்கள் ஓடுவதற்குப் பயன்படும் என்விடியா எச்100 என்ற ஒரே ஒரு சிப், முழு வேகத்தில் 700 வாட் வரை மின்சாரம் எடுக்கிறது. அதாவது நம் வீட்டு மிக்ஸி எடுக்கும் அளவு. மிக்ஸியைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிடுகிறோம். இந்தச் சிப்கள் டேட்டா சென்டரில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நின்று இரவு பகலாக ஓடுகின்றன.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதியில் 2016-ல் ஒரு சூரிய மின் நிலையம் தொடங்கப்பட்டது. அதன் திறன் 648 மெகாவாட். தொடங்கியபோது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின் நிலையங்களில் ஒன்றாக அது பேசப்பட்டது. 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் அமையும் என்று கூகுள் அறிவித்த டேட்டா சென்டர் கிகாவாட் அளவிலானது. ஒரு கிகாவாட் என்றால் 1000 மெகாவாட். உச்சி வெயிலில் கமுதி நிலையம் முழுத் திறனில் தரும் மின்சாரம் முழுவதையும் கொடுத்தாலும் அந்த அளவுக்குப் போதாது.

இப்போது நம் தலைக்குள் பாருங்கள். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. இவை எல்லாம் சேர்ந்து எடுக்கும் சக்தி சுமார் 20 வாட். ஒரு டியூப் லைட் எல்இடி அளவுதான்!

இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஒரு முக்கியக் காரணம், நம் கம்ப்யூட்டர்களில் மெமரி ஓர் இடத்திலும் கணக்குப் போடும் பகுதி வேறோர் இடத்திலும் இருப்பது. 1945-ல் ஜான் வான் நியூமன் எழுதிய எட்வாக் கம்ப்யூட்டர் அறிக்கையிலிருந்து இந்த அமைப்புதான் தொடர்கிறது. ராமேஸ்வரத்தில் மீன் ஏலம் நடக்கிறது, ஆனால் தராசு மட்டும் 55 கிலோமீட்டர் தள்ளி ராமநாதபுரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மீனையும் லாரியில் ஏற்றி ராமநாதபுரம் கொண்டுபோய் எடை போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எடை போட ஒரு நொடிதான் ஆகும். டீசல் செலவு எல்லாம் சாலையில்தான்.

இது வெறும் உவமை இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-ல் கொடுத்த கணக்கின்படி, இரண்டு தசம எண்களைப் பெருக்குவதற்கு ஆகும் சக்தியைப் போல நூறு மடங்குக்கும் மேல், ஓர் எண்ணை வெளியிலுள்ள டிராம் மெமரியிலிருந்து எடுத்து வருவதற்கு ஆகிறது. மூளையில் இந்தச் சாலையே கிடையாது. நியூரான்களுக்கு இடையே உள்ள சினாப்ஸ் என்ற இணைப்புதான் மெமரி. கணக்கும் அங்கேயே நடந்துவிடுகிறது.

கணவாயின் தடித்த நரம்பு

நரம்பில் ஓடும் செய்தி மின்சாரத் துடிப்பு என்பது பல காலமாகத் தெரிந்ததுதான். ஆனால் அந்தத் துடிப்பு எப்படி உண்டாகிறது என்று அளந்து பார்க்க முடியவில்லை. காரணம், நரம்பு இழை மிக மெல்லியது. அதற்குள் மின்முனையைச் செலுத்த வழியில்லை.

இங்கேதான் கணவாய் உதவிக்கு வந்தது. எங்கள் பக்கம் கணவாயில் மூன்று வகை சொல்வார்கள். நீளமாக, கூர்மையாக இருப்பது ஊசிக்கணவாய். உள்ளே வெள்ளை ஓடு இருப்பது ஓட்டுக்கணவாய். எட்டுக் கால் உள்ளது பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ். இதில் ஊசிக்கணவாய்க்கு ஆபத்து வந்தால் உடம்புப் பையை ஒரே இறுக்காக இறுக்கி, தண்ணீரைப் பீய்ச்சி, பின்பக்கமாகப் பாய்ந்துவிடும். பையின் எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் இறுக வேண்டும் என்றால் கட்டளை மிக வேகமாகப் போய்ச் சேர வேண்டும். அதற்காக அதன் உடம்பில் மிகத் தடித்த நரம்பு இழைகள் உள்ளன. சில இனங்களில் ஓர் இழையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர் வரைகூட இருக்கும். நம் உடம்பில் உள்ள நரம்பு இழைகளைவிட இது பல பத்து மடங்கு பெரியது.

கணவாய் ஆயும்போது பையைக் கீறி விரித்துப் பார்த்தால், உள்பக்கம் தலைக்கு அருகே இருபுறமும் நட்சத்திரம் போல் நரம்புகள் கிளை பிரிந்து போவதைக் காணலாம். அங்கிருந்து போகும் கிளைகளில்தான் இந்த ராட்சத இழைகள் இருக்கின்றன. 1930-களில் இவற்றை ஆராய்ச்சி உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜே.இஸட். யங்.

1939-ல் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள், இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரை ஆய்வகத்தில் கணவாயின் நரம்பு இழைக்குள்ளேயே மெல்லிய மின்முனையைச் செலுத்தி, துடிப்பை அளந்தார்கள். போர் முடிந்த பிறகு ஆய்வைத் தொடர்ந்து, 1952-ல் அந்தத் துடிப்பை விளக்கும் சமன்பாடுகளை வெளியிட்டார்கள். சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதும், பொட்டாசியம் அயனிகள் வெளியே போவதும்தான் துடிப்பு. உயரம் சுமார் 100 மில்லிவோல்ட், நேரம் ஓரிரு மில்லிசெகண்ட். இதற்காக இருவருக்கும் 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கம்ப்யூட்டர் வாசகர்களுக்கு இதில் ஒரு சுவையான தகவல். இந்தச் சமன்பாடுகளைத் தீர்க்க அவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த நினைத்தார்கள். அந்த நேரம் பார்த்து அது மாற்றியமைக்கும் வேலைக்காகப் பல மாதங்கள் நிறுத்தப்பட்டிருந்தது. எனவே ஹக்ஸ்லி, கையால் சுற்றும் பிரன்ஸ்விகா கணக்கு மெஷினில் நாள்கணக்கில் சுற்றிச் சுற்றியே விடை கண்டார்! இன்று அதே கணக்கை உங்கள் செல்போன் கண் இமைக்கும் நேரத்தில் போட்டுவிடும்.

உங்கள் கீபோர்டு வரை வந்த நரம்பு

கணவாய் நரம்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக வந்து சேர்ந்த சர்க்கிட் ஒன்று உண்டு. 1934-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஓட்டோ ஷ்மிட், கணவாய் நரம்பில் துடிப்பு பரவும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். நரம்பின் நடத்தையை வால்வுகளைக் கொண்டு எலெக்ட்ரானிக் சர்க்கிட்டாகச் செய்து பார்க்கும் முயற்சியில் அவர் உருவாக்கியதுதான் ஷ்மிட் டிரிக்கர். அப்போது அவருக்கு வயது 21. இதை விளக்கும் கட்டுரையை 1938-ல் வெளியிட்டார். உயிரினங்களைப் பார்த்துக் கருவிகள் செய்வதற்கு பயோமிமெட்டிக்ஸ் என்று பெயர் வைத்தவரும் இவரே.

ஷ்மிட் டிரிக்கர் என்ன செய்கிறது? வீட்டு மொட்டை மாடியில் ஆட்டோமேட்டிக் மோட்டார் வைத்த தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கால் பங்குக்குக் கீழே போனால் மோட்டார் ஓடும். தொட்டி நிறைந்தால் நிற்கும். இரண்டுக்கும் ஒரே மட்டம் வைத்தால் என்ன ஆகும்? ஒரு குவளைத் தண்ணீர் எடுத்தவுடன் மோட்டார் ஓடும், உடனே நிற்கும், மறுபடி ஓடும். மோட்டார் சீக்கிரம் கெட்டுவிடும். ஆன் செய்ய ஒரு மட்டம், ஆஃப் செய்ய வேறொரு மட்டம் என்று வைப்பதுதான் ரகசியம்.

கம்ப்யூட்டரிலும் இதே பிரச்சினை உண்டு. ஒரு பட்டனை அமுக்கும்போது வரும் சிக்னல் சுத்தமாக 0-விலிருந்து 1-க்குப் போகாது. நடுவில் நடுங்கும். ஷ்மிட் டிரிக்கர் சின்னச் சின்ன நடுக்கத்தைக் கண்டுகொள்ளாமல், உறுதியான மாற்றத்தை மட்டும் உள்ளே விடுகிறது. இன்று மைக்ரோகன்ட்ரோலர்களின் இன்புட் பின்களில் இது பெரும்பாலும் உள்ளேயே கட்டப்பட்டு வருகிறது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 7414 வரிசை ஐசி கேட்டால், ஆறு ஷ்மிட் டிரிக்கர்கள் உள்ள சிப் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

இன்னொரு ஒற்றுமையும் சொல்ல வேண்டும். துடிப்பு வேகமாகப் போக கணவாய் தடித்த இழையை வைத்துக்கொண்டது. நம்மைப் போன்ற முதுகெலும்பிகள் மெல்லிய இழையின் மேல் காப்பு உறை போர்த்தி, இடையிடையே துடிப்பைப் புதுப்பிக்கும் இடைவெளிகளை வைத்துக்கொண்டன. சிப் வடிவமைப்பவர்களும் இந்த இரண்டையும் செய்கிறார்கள். தொலைதூரம் போகும் இணைப்புகளை மேல் அடுக்கில் தடிமனான உலோகக் கம்பியாகப் போடுகிறார்கள். நீண்ட கம்பிகளின் நடுவே சிக்னலைப் புதுப்பிக்க ரிப்பீட்டர்களை வைக்கிறார்கள். அவர்கள் கணவாயைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று சொல்லவில்லை. ஒரே பிரச்சினைக்கு இயற்கையும் இன்ஜினியரும் ஒரே தீர்வுக்கு வந்திருக்கிறார்கள்.

ஓட்டை வாளி நியூரான்

நியூரோமார்ஃபிக் சிப்களில் இருக்கும் செயற்கை நியூரான் எப்படி வேலை செய்கிறது? ஓர் ஓட்டை வாளி போதும், புரிந்துவிடும்.

ஒரு லிட்டர் வாளி. அடியில் சின்ன ஓட்டை. ஒவ்வொரு நிமிடமும் இருக்கும் தண்ணீரில் 10 சதவீதம் ஒழுகிவிடும். நிமிடத்திற்கு ஒரு முறை நாம் தண்ணீர் ஊற்றுகிறோம். ஒரு லிட்டரை எட்டியதும் வாளி கவிழ்ந்து காலியாகும். அந்தக் கவிழ்தல்தான் துடிப்பு. ஆங்கிலத்தில் ஸ்பைக் என்பார்கள்.

நிமிடத்திற்கு 300 மில்லி ஊற்றுவோம். முதல் நிமிடம் 300. அடுத்த நிமிடம் 30 ஒழுகி, 300 சேர்ந்து 570. மூன்றாவது நிமிடம் 813. நான்காவது நிமிடம் 1031.7. வாளி கவிழ்ந்துவிட்டது! 600 மில்லியாக ஊற்றினால் இரண்டாவது நிமிடமே 1140 ஆகிக் கவிழும். வெறும் 80 மில்லியாக ஊற்றினால்? எத்தனை நாள் ஊற்றினாலும் 800 மில்லியைத் தாண்டாது. அந்த அளவில், ஊற்றுவதும் ஒழுகுவதும் சமமாகிவிடும். வாளி கவிழவே கவிழாது.

கவனித்தீர்களா? பலமான செய்தி வந்தால் அடிக்கடி துடிக்கிறது. பலவீனமான செய்தியை அலட்சியம் செய்கிறது. செய்தியே இல்லாவிட்டால் சும்மா இருக்கிறது. இந்தக் கடைசி குணத்தில்தான் மின்சாரச் சிக்கனம் ஒளிந்திருக்கிறது. சாதாரண ப்ராசசரில் வேலை இல்லாத நேரத்திலும் கிளாக் அடித்துக்கொண்டே இருக்கும். நியூரோமார்ஃபிக் சிப்பில் துடிப்பு வந்த இடம் மட்டும் விழிக்கும்.

இதை எக்ஸெல்லில் நீங்களே செய்து பார்க்கலாம். முதல் நெடுவரிசையில் ஒவ்வொரு நிமிடமும் ஊற்றும் அளவு. இரண்டாவது நெடுவரிசையில் வாளியின் மட்டம். மேல் செல்லில் உள்ள மட்டம் 1000 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதை 0.9 ஆல் பெருக்க வேண்டும். வரும் விடையுடன் புதிதாக ஊற்றிய அளவைக் கூட்ட வேண்டும். ஒரே ஒரு இஃப் ஃபார்முலாதான். கீழே இழுத்துவிட்டு சார்ட் போட்டால், ரம்பப் பல் போல ஏறி ஏறி விழும் கோடு கிடைக்கும்.

சிலிக்கானில் ஒரு கண்

இந்தத் துறைக்குப் பெயர் வைத்தவர் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனப் பேராசிரியர் கார்வர் மீட். டிரான்சிஸ்டரை முழுமையாக ஆன் செய்யாமல், மிகக் குறைந்த வோல்டேஜில் வைத்திருந்தால் அதில் கசியும் மின்சாரம், நரம்புச் சுவரில் அயனிகள் கசியும் அதே கணித விதிப்படி மாறுகிறது என்பதை அவர் கவனித்தார். டிஜிட்டல் உலகம் வேண்டாத கசிவு என்று ஒதுக்கியதை அவர் பயன்படுத்திக்கொண்டார்.

அவருடைய மாணவி மிஷா மஹோவால்ட், கண்ணின் விழித்திரையைப் போல வேலை செய்யும் சிலிக்கான் ரெட்டினா சிப்பை உருவாக்கினார். நம் கண் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் அப்படியே மூளைக்கு அனுப்புவதில்லை. பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் அனுப்புகிறது. இந்த வழியில் தொடர்ந்து வந்ததுதான் இன்றைய ஈவன்ட் கேமரா. சாதாரண வீடியோ கேமரா அசையாத சுவரைக்கூட நொடிக்கு 30 முறை படம் எடுக்கும். ஈவன்ட் கேமராவில், வெளிச்சம் மாறிய புள்ளி மட்டும் செய்தி அனுப்பும்.

கோடிக்கணக்கில் நியூரான்கள்

அடுத்த பெரிய பாய்ச்சல் 2014-ல் வந்தது. ஐபிஎம் நிறுவனம் ட்ரூநார்த் என்ற சிப்பை வெளியிட்டது. 540 கோடி டிரான்சிஸ்டர்கள், 4,096 கோர்கள், 10 லட்சம் நியூரான்கள், 25 கோடிக்கும் மேற்பட்ட சினாப்ஸ்கள். இத்தனையும் சேர்ந்து எடுத்த சக்தி சுமார் 70 மில்லிவாட்! இந்தத் திட்டத்தைத் தலைமை தாங்கி நடத்திய தர்மேந்திர மோதா, மும்பை ஐஐடியில் படித்தவர். இதே குழு 2023-ல் நார்த்போல் என்ற சிப்பை அறிவித்தது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ஃபர்பர் வேறு வழியில் போனார். உங்கள் செல்போனில் இருக்கும் ஏஆர்எம் ப்ராசசரின் முதல் வடிவத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் இவர். சின்னச் சின்ன ஏஆர்எம் கோர்களைச் சேர்த்து ஸ்பின்னேக்கர் என்ற மெஷினைக் கட்டினார். 2018-ல் அதில் கோர்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தை எட்டியது.

இன்டெல் நிறுவனம் 2017-ல் லோய்ஹி என்ற சிப்பை அறிவித்தது. ஹவாய் தீவருகே கடலுக்கடியில் இருக்கும் ஓர் எரிமலைக்கு அப்போது இருந்த பெயர் அது. 2021-ல் லோய்ஹி 2 வந்தது. 2024 ஏப்ரலில் 1,152 லோய்ஹி 2 சிப்களைச் சேர்த்து ஹாலா பாயின்ட் என்ற சிஸ்டத்தை அறிவித்தார்கள். 115 கோடி நியூரான்கள், அதிகபட்சம் 2,600 வாட். நியூரான் எண்ணிக்கையில் ஓர் ஆந்தையின் மூளைக்கு ஒப்பு என்று இன்டெல் சொன்னது. ஆந்தை இதையே ஒரு எலியைத் தின்று சமாளித்துவிடுகிறது என்பது வேறு விஷயம்!

பெங்களூரில் நடப்பது

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேத்தன் சிங் தாக்கூர் குழுவினர் 2022-ல் ஆர்யபட்-1 என்ற அனலாக் சிப் மாதிரியை அறிவித்தார்கள். செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளை 0, 1 என்று மாற்றாமல் மின்சார அளவாகவே போடும் சிப் இது.

அதே நிறுவனத்தின் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி குழுவினர் 2024 செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு உலக அளவில் பேசப்பட்டது. சாதாரண மெமரி செல் 0 அல்லது 1 என்ற இரண்டு நிலைகளை மட்டும் வைத்துக்கொள்ளும். இவர்கள் ஒரு மூலக்கூறுப் படலத்தில் சுமார் 16,500 நிலைகளைச் சேமித்துக் காட்டினார்கள். கணக்கும் அந்த மெமரிக்குள்ளேயே நடக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தகவல்களிலிருந்து நாசா உருவாக்கிய புகழ்பெற்ற விண்வெளிப் படத்தை, மேஜைக் கம்ப்யூட்டருடன் இணைத்து மறுபடி உருவாக்கிக் காட்டினார்கள். தராசு ஏலக்கூடத்துக்கே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

கடலில் இதற்கு என்ன வேலை?

என் மாமா சின்ன ஃபைபர் படகில் கணவாய்த் தூண்டிலுக்குப் போகிறவர். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மருமகனே, எல்லாம் சரி. பேட்டரி இறங்கிட்டா எந்தப் பெட்டியும் வெறும் பெட்டிதான். அதுக்கு ஒரு வழி சொல்லு" என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. சின்னப் படகில் இருப்பது ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி. விளக்கு, ஜிபிஎஸ், ஒயர்லெஸ், செல்போன் சார்ஜ் எல்லாம் அதிலிருந்துதான். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோடு தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. இரவில் ஜிபிஎஸ் அணைந்துபோனால் படகு எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாது. எல்லை தாண்டினால் கைது, படகு பறிமுதல், குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வருமானம் இல்லை. எனவே பேட்டரியில் மிச்சமாகும் ஒவ்வொரு வாட்டும் எங்கள் ஊரில் பெரிய விஷயம்.

கரையை விட்டுத் தூரம் போனால் செல்போன் டவர் கிடைக்காது. இன்றைய செயற்கை நுண்ணறிவு வசதிகள் பெரும்பாலும் இன்டர்நெட் வழியே எங்கோ இருக்கும் டேட்டா சென்டரில் ஓடுபவை. டவர் இல்லாத இடத்தில் அவை இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தொடர்புடைய ஜெமினி என்ற கருவி 2019-ல் வந்தது. சாட்டிலைட் வழியே புயல், அலை எச்சரிக்கைகளைப் பெற்று, ப்ளூடூத் மூலம் செல்போனுக்குத் தரும் கருவி அது. செய்தி வாங்க இது போதும். ஆனால் படகிலேயே கேட்டு, பார்த்து, முடிவு செய்ய வேண்டும் என்றால் அந்த அறிவு படகிலேயே இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 60 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 720 வாட்-அவர். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள ஒரு கம்ப்யூட்டர் 300 வாட் எடுத்தால், இரண்டரை மணி நேரம்கூடத் தாங்காது. ட்ரூநார்த் போல 70 மில்லிவாட் எடுக்கும் சிப் மட்டும் என்றால், காகிதக் கணக்கில் 10,000 மணி நேரத்துக்கும் மேல். அதாவது ஒரு வருடம் தாண்டிவிடும். மைக், ஒயர்லெஸ் போன்றவையும் சக்தி எடுக்கும், பேட்டரியை முழுவதும் காலி செய்யவும் கூடாது என்பதால் நிஜத்தில் இது குறையும். அப்படியே பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் வருகிறது.

என்னென்ன செய்யலாம்? இன்ஜின் சத்தத்தை எப்போதும் கேட்டுக்கொண்டிருந்து, சத்தம் மாறியவுடன் எச்சரிக்கலாம். இருட்டில் பெரிய கப்பல் நெருங்குவதை ஈவன்ட் கேமரா மூலம் கண்டுகொள்ளலாம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி, தண்ணீருக்கடியில் மைக் வைத்து, நாங்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல் பசுவின் குரல் வருகிறதா என்று மாதக்கணக்கில் காத்திருக்கலாம். பெரும்பாலான நேரம் எதுவும் நடக்காத, நடந்தால் மட்டும் உடனே விழிக்க வேண்டிய வேலைகள் இவை. நரம்பு மண்டலம் இப்படிப்பட்ட வேலைக்காகவே உருவானது.

பேய்க்கணவாயிடமும் ஒரு பாடம் இருக்கிறது. அதன் சுமார் 50 கோடி நியூரான்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் உள்ளன. பாறை இடுக்கில் கையை விட்டால், தொட்டது நண்டா கல்லா என்பதில் பெரும் பங்கு வேலையைக் கையே பார்த்துவிடுகிறது. எல்லாவற்றையும் தலைமைக்கு அனுப்பிக் காத்திருப்பதில்லை. சென்சாருக்குப் பக்கத்திலேயே ப்ராசசிங் வைப்பதை இப்போது எட்ஜ் கம்ப்யூட்டிங் என்கிறோம்.

ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை?

இவ்வளவு நல்ல விஷயம் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏன் கிடைப்பதில்லை என்று நீங்கள் கேட்கலாம். சாஃப்ட்வேர்காரன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த முதல் காரணம், புரோகிராம் எழுதுவது கடினம். நாம் எழுதிப் பழகிய சி, ஜாவா எல்லாம் ஒரு வரி முடிந்து அடுத்த வரி என்று போகும் மொழிகள். லட்சம் வாளிகள் தம் இஷ்டத்துக்குக் கவிழும் சிப்புக்கு அந்தச் சிந்தனை பொருந்தாது.

இரண்டாவது காரணம், கற்றுக்கொடுப்பது. இன்றைய செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கும் முறை, பிழையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து பின்னோக்கிப் போகும் கணக்கை நம்பியிருக்கிறது. துடிப்பு என்பது உண்டு அல்லது இல்லை. நடுவில் கொஞ்சம் என்பது கிடையாது. எனவே அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாமல், சுற்று வழிகளைக் கையாள்கிறார்கள்.

மூன்றாவது, அனலாக் சிப்களில் ஒரு டிரான்சிஸ்டர் போல மற்றொன்று இருக்காது. வெப்பம் மாறினால் நடத்தையும் மாறும். நான்காவது, கிராஃபிக்ஸ் சிப்களுக்குப் பல ஆண்டுகளாகச் சேர்ந்த சாஃப்ட்வேர், புத்தகம், ஆட்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன. புதிதாக வருபவர் அந்தக் கூட்டத்தோடு போட்டி போட வேண்டும். ட்ரூநார்த் வந்து பத்து ஆண்டுகள் தாண்டியும் நம் மேஜைக்கு வராததற்கு இவையெல்லாம் காரணம். நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் ப்ராசசரை இது நீக்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பில் போடவும் கடிதம் அடிக்கவும் இப்போதைய ப்ராசசரே நல்லது. கேட்பது, பார்ப்பது, காத்திருப்பது போன்ற வேலைகளுக்கு அதன் பக்கத்தில் ஒரு துணைச் சிப்பாக இது வரக்கூடும்.

நீங்கள் தொடங்குவது எப்படி?

இதற்காக விலை உயர்ந்த சிப் வாங்க வேண்டியதில்லை. மேலே சொன்ன எக்ஸெல் வாளியிலிருந்து தொடங்குங்கள். அது புரிந்ததும் பைத்தான் கற்றுக்கொண்டு, பிரையன் என்ற இலவச சிமுலேட்டரை இன்ஸ்டால் செய்யுங்கள். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி சமன்பாடுகளையே அதில் ஓட்டிப் பார்க்கலாம். அடுத்து, இன்டெல் 2021-ல் வெளியிட்ட லாவா என்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரைப் பாருங்கள். லோய்ஹி சிப் இல்லாமலேயே சாதாரண கம்ப்யூட்டரில் அது ஓடும். ஹார்டுவேரில் ஆர்வம் உள்ளவர்கள், ஒரு 7414 ஐசி, ஒரு கண்டன்சர், ஒரு ரெசிஸ்டர், ஒரு எல்இடி வாங்கி பிரெட்போர்டில் பொருத்துங்கள். கண்டன்சர் நிறைவதும் காலியாவதும், எல்இடி விட்டு விட்டு மின்னுவதும் தெரியும். அது துடிக்கும் விதத்தில் ஒரு நரம்பின் சாயல் இருக்கும்.

இந்தத் துறைக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தவரும் வேண்டும், உயிரியல் தெரிந்தவரும் வேண்டும். மண்டபத்தில் 1947 முதல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் இன்ஜினியரிங் கல்லூரிகளும் இருக்கின்றன. கணவாயைத் தினமும் கையில் பிடிக்கும் பிள்ளைகளே அந்தக் கல்லூரிகளிலும் படிக்கிறார்கள். ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு மறுபடியும் ஒரு ஹாஸ்டல் மேனேஜ்மென்ட் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், ஒரு மைக்கையும் சின்ன போர்டையும் வைத்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, பேட்டரியை வீணாக்காமல் காத்திருக்கும் கருவி ஒன்றை முயன்று பார்க்கலாம். வேலை செய்தால் வாங்கிக்கொள்ள என் மாமா தயாராக இருக்கிறார்.